கடிலாக் தன் சில்லிலேயே போய்ச் சேர்ந்தது, அத்தான்

என் அன்புக்கும் மதிப்புக்கும், காருக்குக் கிட்டப் போனால் மட்டும் பயத்துக்கும் உரிய சிவராசா அத்தானுக்கு,

வெற்றிச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உங்கள் கார் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் கட்டி இழுக்கவில்லை. யாரும் லொறியில் ஏற்றவில்லை. லவாலில் உங்கள் வீட்டு வாசலில் புறப்பட்டு, பாலம் கடந்து, மேற்குப் பக்கத்து ஆற்றங்கரைத் திடல்வரைக்கும் தன் சொந்த நாலு சில்லில் உருண்டு போய் நின்றது. சோழர் படை கடல் கடந்து கடாரத்தில் இறங்கியபோதுகூட இவ்வளவு ஆரவாரம் இருந்திருக்காது. பாவம், அவர்களிடம் ஹோர்ன் இல்லையே.

நீங்கள் இருக்கும் இடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டதா? கேட்டிருக்க வேண்டும். நயாகராவில் தண்ணீர் ஒரு நிமிடம் விழாமல் நின்று கேட்டதாக எனக்குத் தகவல்.

வேறு புதினங்களும் உண்டு. நீங்கள் "வரும், வரும்" என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பேய்க்காட்டிய மெட்ரோ, லவாலுக்கு உண்மையாகவே வந்துவிட்டது. உங்கள் மகள் தர்சினி இப்போது அதில்தான் யூனிவர்சிட்டிக்குப் போகிறாள். "அப்பா இருந்திருந்தால் முதல் ரெயினில் முதல் ஆளா நிண்டிருப்பார்" என்றாள். நான் மறுத்தேன். அந்தக் காரை விட்டுவிட்டு நீங்கள் நிலத்துக்குக் கீழே போயிருப்பீர்களா?

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன், என்ன வார்த்தை சொல்லிவிட்டேன் என்று. அவள் சிரித்தாள், அத்தான். நானும் சிரித்தேன். அப்படித்தான் இப்போது நாங்கள் உங்களைப் பற்றிக் கதைக்கிறோம்.

என் தோளுக்கு மேலால் இந்தக் கடிதத்தை எட்டிப் பார்ப்பவர்களுக்காக அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையில் அடங்கும் காரா அது? ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கடிலாக். நீளம் கிட்டத்தட்டப் பத்தொன்பது அடி. முன் பம்பரில் பட்ட காலை வெயில் பின் பம்பரைத் தொட மத்தியானம் ஆகும். நிறம், இளநீர்க் கோம்பையின்மேல் வெள்ளிப்பொடி தூவியதுபோல ஒரு பச்சை. முகத்தில் உள்ள குரோமியத்தை உருக்கினால் லவாலில் இருக்கிற அத்தனை குசினிக்கும் கரண்டி அடித்துக் கொடுக்கலாம்.

பின்னால் அந்த இரண்டு செட்டை! சுறாவுக்கே ஆண்டவன் முதுகில் பெரிதாக ஒன்றுதான் வைத்தான். இந்தக் காருக்கு மனிதன் இரண்டு வைத்தான். ஒவ்வொரு செட்டையிலும் இரட்டைச் சிவப்பு விளக்கு, ரொக்கற்றின் வாலில் நெருப்பு கிளம்புவதுபோல. சந்திரனுக்குப் போவதற்கு முன்னால் அமெரிக்கர்கள் இந்தக் காரில்தான் ஒத்திகை பார்த்தார்கள் என்பது என் ஆராய்ச்சியின் முடிவு. பல்கலைக்கழகங்கள் இன்னும் என்னை அழைக்கவில்லை. அழைக்காமலா விடுவார்கள்?

"உந்தச் செட்டையாலை என்ன பிரயோசனம்? பறக்குமோ?" என்று புவனம் அக்கா ஒருநாள் கேட்டதும், நீங்கள் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "மயிலுக்குத் தோகையாலை என்ன பிரயோசனம்?" என்று திருப்பிக் கேட்டதும் எனக்கு ஞாபகம். அக்கா உள்ளே போய்விட்டார். அன்றுமுதல் உங்கள் காருக்கு அவர் வைத்த பெயர் சக்களத்தி.

பெயரில் பிழை சொல்ல முடியுமா, அத்தான்? சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் பகல் முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டு வருவீர்கள். சாப்பிட்ட கை காயுமுன் கராஜுக்குள் இன்னொரு இரும்பு. கராஜ் அந்தக் காருக்குக் காணாது என்று சுவரை உடைத்து, உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் அதன் மூக்கை நுழைத்து வைத்தீர்களே. அக்கா வொஷிங் மெசினுக்கு முன்னால் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் நாலு ஹெட்லைற் நின்று பார்க்கும். உலகத்தில் எந்தச் சக்களத்தி இவ்வளவு தூரம் வீட்டுக்குள் வந்திருக்கிறாள்?

கோடையில் சனிக்கிழமைகளில் பல்பொருள் அங்காடியின் கார்த் தரிப்பிடத்தில் செட்டைக் கார்ப் பிரியர்கள் கூடுவார்கள். நீங்கள் இன்னும் ஓடாத காரின் சொந்தக்காரனாக, கையில் அதன் ஒரு கதவுப்பிடியை மட்டும் கொண்டுபோவீர்கள். பிள்ளையின் படத்தைக் காட்டுகிற தகப்பன் மாதிரி. அந்தக் கதவுப்பிடி கையிலிருந்து கைக்கு மாறும். வெள்ளைக்காரர் ஒவ்வொருவரும் அதை வெயிலில் சாய்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அப்படி வந்து பழகியவர்தான் கர்க்லாண்டில் இருக்கும் ஜெரார். தன்னிடம் நாலு கடிலாக் இருந்தும், உங்களுடையதைப் பார்த்த நாளிலிருந்து பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளைபோல வந்துகொண்டே இருந்தார். வரும்போது ஒரு பழைய விளக்கோ வளையமோ கொண்டுவந்து தருவார். நீங்கள் தேத்தண்ணீர் கொடுப்பீர்கள். காரைக் கொடுக்கவில்லை.

புரட்டாதியில் கடைசித் திருகை முடுக்கினீர்கள். எஞ்சின் பிடித்தது. வீட்டு ஓடுகள் இரண்டு அங்குலம் மேலெழும்பி, "என்னப்பா அது?" என்று ஒன்றையொன்று கேட்டுவிட்டுத் திரும்ப இறங்கின. "இறக்குவம் அத்தான், ஒரு சுத்துச் சுத்துவம்" என்று நான் கெஞ்சினேன். அந்தக் கிழமை மழை. பிறகு காருக்குக் காப்புறுதிக் கடதாசி வரத் தாமதம். பிறகு முதல் பனி விழுந்துவிட்டது, றோட்டுக்கு உப்புப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

"உப்புப் போட்ட றோட்டிலை இதின்ரை சில்லுப் படாது," என்றீர்கள். "ஆவணியிலை ஆத்தங்கரைக் கார்க் கூட்டம் இருக்கு. அதுக்குத்தான் முதல் ஓட்டம். தானா ஓடிப் போகோணும். லொறியிலை ஏத்திக்கொண்டு போறதுக்கு இது என்ன மாடே?"

மாசியில், வாசல் பனியை அள்ளிப்போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தீர்கள். எழும்பவில்லை.

அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. எனக்குப் பெருப்பித்துச் சொல்லத்தான் தெரியும். அதைப் பெருப்பிக்க இடமில்லை.

வைகாசியில் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஜெரார் காரைக் கேக்கிறார். குடுக்கப்போறன்" என்றார்.

"அக்கா, உனக்கென்ன விசரே? அத்தான்ரை உயிரெல்லோ அது!"

"உயிர் போட்டுது. உடம்பு மட்டும் நிக்குது. உடுப்புத் தோய்க்கப் போனால் என்னையே பாக்குது. என்னாலை ஏலாது, தம்பி."

நானும் தர்சினியும் மாறி மாறிக் கெஞ்சினோம். நான் உண்ணாவிரதம் இருப்பதாக அறிவித்தேன்; அன்று அக்கா கணவாய்க் கறி வைத்ததால் அதைப் பின்போட்டேன். கடைசியில் அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சரி. அவர் கொண்டுபோக நினைச்ச இடத்துக்கு ஒருக்கால் போகட்டும். தன்ரை சில்லிலை போய்ச் சேர்ந்தால் நிக்கட்டும். வழியிலை படுத்து, ஆராவது கட்டி இழுக்கவேண்டி வந்தால், இழுக்கிறவன் நேரே ஜெரார் வீட்டிலை கொண்டுபோய் விடட்டும். பேந்து நீ வாய் திறக்கப்படாது."

"நான் வாய் திறக்காமல் இருக்கிறதோ?"

"அதுதான் சொல்லுறன். கார் நிக்கோணுமெண்டால் ஓடோணும்."

அதனால் ஆவணியில் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஒரு காரின் தலைவிதி என் தோளில் இருந்தது. தோளில் வேறொன்றும் இருந்தது. நமது முதியோர் சங்கத்தில் நான் ஆற்றிய வரலாற்றுப் புகழ்மிக்க நன்றியுரைக்காக எனக்குப் போர்த்திய பொன்னாடை. சிவப்புப் பட்டு, தங்கச் சரிகை. பட்டு வேட்டி கட்டி, அந்தப் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி கண்ணைக் கூசிக்கொண்டது.

காரை வெறும் முகத்தோடு அனுப்பலாமா? நம்மவர் வழக்கம் என்ன? தேரோ, மணவறையோ, பிரேத வண்டியோ, சோடிக்காமல் நாங்கள் எதை வெளியே விட்டிருக்கிறோம்? பக்கத்து வீட்டு மனிசியின் தோட்டத்துச் செவ்வந்தி முழுவதையும் பிடுங்கி, யானையின் கழுத்துக்குப் போதுமான தடிப்பில் மாலை கட்டினேன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். நடுவில், உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த அந்தப் பெரிய படம். காரின் முன்பக்கக் குரோமியப் பல்வரிசை முழுவதையும் மறைத்து, பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மாலைக்கு நடுவில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சில்லுக்குக் கீழே தேசிக்காயும் வைத்தாயிற்று.

தர்சினி வெளியே வந்து பார்த்தாள். "மாமா, இது கார் ஷோ. கலியாண வீடில்லை."

"உன்ரை அப்பா முன்னுக்குப் போகாமல் இந்தக் கார் எப்பிடிப் பிள்ளை போகும்?"

அவள் கமெராவைக் கண்ணுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், படம் எடுப்பதற்கு வேண்டிய நேரத்தைவிடக் கனநேரம்.

நான் சாரதி ஆசனத்துக்குப் போக வேட்டியைத் தூக்கிப் பிடித்தபோது அங்கே அக்கா இருந்தார். மாம்பழ மஞ்சள் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"அக்கா, இது உன்ரை சின்னக் கார் இல்லை. ரண்டு தொன்னுக்கு மேலை!"

"உன்னைச் சின்னனிலை தூக்கிக்கொண்டு திரிஞ்சது ஆர்? ஏறு பின்னுக்கு."

ஏறினேன், தர்சினிக்குப் பக்கத்தில்.

அந்த ஊர்வலத்தை எப்படிச் சொல்ல? லவால் தெருக்களில் கார் போகவில்லை. ஒரு பச்சைக் கப்பல் மிதந்தது. பஸ் சாரதி ஒருவர் பஸ்ஸை நிறுத்திச் சல்யூட் அடித்தார். டெப்பனர் என்கிற தெருமூலைக் கடைக்காரர் பாதி விற்ற பால் பெட்டியோடு வெளியே ஓடிவந்தார். ஊன்றுகோலில் நின்ற ஒரு முதியவர் கோலைத் தூக்கி ஆட்டினார். விழவில்லை, அது இந்தக் காரின் முதலாவது அற்புதம். அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. ஸ்ரீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வாயை இறுக்கி மூடி, பரீட்சைக்குப் போகும் பிள்ளைபோல நேரே பார்த்து ஓட்டினார். பாலத்தில் ஏறும்போது மட்டும், "நல்லாத்தான் போகுது" என்றார், யாருக்குச் சொன்னார் என்று தெரியாத குரலில்.

சென்ட் லோரன்ட் பக்கம் வந்தோம். நெடுஞ்சாலை முழுக்கச் செம்மஞ்சள் கூம்புகள். கோடையில் மொன்றியலில் பூப்பவற்றில் முக்காலும் அதுதான் என்று நீங்கள் சொல்வீர்களே. மூன்று பாதை ஒரு பாதையாகி, ஒரு பாதை ஒரு முழமாகி, கார்கள் நின்றுவிட்டன. தலைக்கு மேல் ஆவணி வெயில். தாரில் தோசை சுடலாம், முறுகலாகவும் வரும்.

ஊர்ந்தோம். நின்றோம். ஊர்ந்தோம். சூடு காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறியது. எஞ்சின் இரண்டு தரம் இருமியது. மூன்றாவதாக ஒரு பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

அந்த அமைதி, அத்தான். எட்டு சிலிண்டர் நின்றால் எவ்வளவு அமைதி வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். சவம் பார்த்த காகம்போல எங்கிருந்தோ ஓர் இழுவை வண்டி ஓரமாக வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள், காதுவரை தொப்பி போட்ட ஒரு தடித்த மனிதர், மிக மரியாதையாகப் பிரெஞ்சில், "எடுத்துப்போகவா, மடாம்? எங்கே கொண்டுபோய் விட?" என்று கேட்டார்.

எங்கே விடுவது என்று காருக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கர்க்லாண்ட். தர்சினி என் கையைப் பிடித்தாள். நான் நல்லூர் முருகனுக்கு ஒரு காவடியும், நடுநிலை தவறாமல், மொன்றியல் மலைமேல் கோயில் கொண்டிருக்கும் சூசையப்பருக்கு ஒரு பெட்டி மெழுகுதிரியும் நேர்ந்தேன்.

அக்கா இறங்கினார். கைப்பையை ஆசனத்தில் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். மூடியைத் தூக்கினார். எஞ்சினுக்குள் குனிந்து, முன்பக்கத்தில் ஒரு சாமானை விரல் நுனியால் தொட்டு, சுடுசட்டி தொட்டவர்போலக் கையை உதறினார்.

"பெற்றோல் பம்ப் கொதிக்குது. குழாய்க்குள்ளையே பெற்றோல் ஆவியாப் போகுது. மேலை ஏறுதில்லை. வேறை ஒண்டும் பழுதில்லை."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். "அக்கா, உனக்கு உது எப்பிடித் தெரியும்?"

"எத்தினை விண்ரர் அந்த மனிசன் கராஜுக்குள்ளை நிண்டு தனக்குத்தானே கதைச்சது? வொஷிங் மெசினுக்குப் பக்கத்திலை நிண்ட நான் வேறை என்னத்தைக் கேட்டிருப்பன், ரேடியோவோ? கதையாமல் துணி ஒண்டு தா. ஈரத்துணி சுத்தோணும்."

"துணியோ? துணிக்கு இப்ப எங்கை அக்கா போறது?"

அக்கா என் தோளைப் பார்த்தார்.

"அக்கா, வேண்டாம். இது பொன்னாடை!"

"போத்துறதுக்குத்தானே தந்தவை?"

உருவி எடுத்துவிட்டார். பல்லால் கடித்து, குறுக்கே ஒரு கிழி. அந்தச் சத்தத்தில் என் நன்றியுரை முழுவதும் இரண்டாகக் கிழிந்தது. சோடாப் போத்தல்களைக் குளிர வைக்க ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் ஒரு பாதியை முக்கிப் பிழிந்து, பம்பைச் சுற்றி, நுனி காற்றாடியில் பட்டுவிடாதபடி கொசுவம் செருகுவதுபோல இறுக்கிச் செருகினார். பெற்றோல் பம்ப் ஒன்றுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவித்தது மனித வரலாற்றில் அதுவே முதற்தடவை. அது ஏற்புரை வழங்கவில்லை. என்னைவிட நாகரிகமானது.

பிறகு அக்கா காரின் முன்னால் போனார். அங்கே நின்றார்.

"ஏன் இப்பிடிச் சூடேறினது எண்டு இப்பதான் விளங்குது," என்றார்.

நான் ஒரு செட்டைக்குப் பின்னால் ஒதுங்கினேன். முழு ஆளையும் மறைக்கிற செட்டை ஐம்பத்தொன்பதாம் ஆண்டில் மட்டும்தான் செய்தார்கள். அதற்காக அந்த வடிவமைப்பாளருக்கு என் நன்றி. யானைமாலை, மாவிலை, நடுவில் பலகையோடு நீங்கள். காற்று எப்படி உள்ளே போகும்? ஆனால் அக்கா என்னைத் தேடவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செத்த வீட்டில் உங்களோடு ஒரு சொல் பேசாத மனிசி. அந்தியேட்டியில் சொட்டுக் கண்ணீர் விடாமல் சோறு பரிமாறிய மனிசி.

"இஞ்சருங்கோ," என்றார். "கொஞ்சம் விலகுங்கோ. நீங்கள் இப்பிடி முன்னுக்கு மறிச்சுக்கொண்டு நிண்டால் இது எப்பிடி மூச்சு விடும்?"

நெடுஞ்சாலையில் அத்தனை ஹோர்னுக்கு நடுவில் அதை நான் கேட்டேன். மாலையை அவிழ்த்தார். தோரணத்தைக் கழற்றினார். உங்கள் படத்தை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணாடியில் படிந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நெற்றி, கன்னம், வாய் என்று ஆறுதலாகத் துடைத்தார். அப்போதுதான் அழுதார். ஒரு காரில் சாய்ந்துகொண்டு, வாகனங்கள் வரிசையாகக் காத்து நிற்க, அக்கா அழுது முடித்தார்.

இழுவை வண்டிக்காரர் தர்சினியிடம் ஏதோ கேட்டார். அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு நடு றோட்டுக்குப் போய், கையை விரித்து, எங்களுக்குப் பின்னால் நின்ற அவ்வளவு பேரையும் மறித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எங்களால் அவருக்கு ஒரு சதம் உழைப்பில்லை. காகம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

அக்கா உங்களைப் பின் ஆசனத்தில் இருத்தினார். "அப்பாவைப் பிடி, பிள்ளை. வளைவிலை சரிஞ்சிடுவார்."

சாவியைத் திருப்பினார். உறுமல் வரவில்லை. இன்னொரு தரம். இருமல். பெற்றோல் மிதியை மெல்ல மெல்ல இரண்டு தரம் அமுக்கிக் காத்திருந்து, மறுபடி திருப்பினார்.

பிடித்தது! கொழும்பில் கண்ணாடிகள் அதிர்ந்திருக்கும். மறிபட்டு நின்ற வாகனங்கள் எல்லாம் இப்போது வேறு மாதிரி ஹோர்ன் அடித்தன. சன்னல்களால் கைகள் வந்தன. யாரோ "பிராவோ!" என்றார்கள். நான் வேட்டி அவிழ்வதைக்கூடக் கவனிக்காமல் றோட்டில் நின்று குதித்தேன். தர்சினி கமெராவில் அதற்கு ஆதாரம் வைத்திருக்கிறாள், அழிக்க மறுக்கிறாள்.

திடல் வாசலை அடைந்தபோது கூட்டம் களைகட்டியிருந்தது. ஆற்றங்கரை முழுக்கச் செட்டைகள். வெள்ளை, கறுப்பு, செம்பு, மேகநீலம். சுறாக்களின் மாநாடு. வரிசையின் நடுவில் அக்கா மெதுவாக ஓட்டிப் போனார். வெள்ளைக்காரர் எல்லாரும் கதிரைகளைவிட்டு எழும்பினார்கள். கதவுப்பிடியை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள், அத்தான்! அதற்கு ஒரு முழுக் கார் முளைத்து வந்து நின்றதைப் பார்க்கும் முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் அந்தக் கதவுப்பிடியைக் கண்டுபிடித்து, பழைய சிநேகிதனின் கையைப்போலப் பிடித்துக் குலுக்கினார்.

மூடியைத் திறந்தபோது சிவப்புப் பட்டைக் கண்டு கூட்டம் இன்னும் கிட்ட வந்தது. பெற்றோல் குழாயில் உடுப்புக் கொழுவும் மரக் கிளிப்புகளைக் குத்தினால் சூடு இறங்கும் என்பது அவர்களுடைய சமயம். பட்டுத்தான் திறம் என்று நான் புதிய சமயம் நிறுவினேன். பின்னேரம்வரை வாதம் நடந்தது. தங்கச் சரிகை சூட்டை ஈர்க்கும் என்ற என் விஞ்ஞான விளக்கத்தை இரண்டு பேர் நம்பிவிட்டார்கள். அடுத்த கோடையில் மொன்றியலில் பொன்னாடைக்குத் தட்டுப்பாடு வரலாம்.

பரிசு கிடைத்ததா என்பீர்கள். முதற்பரிசு ஒரு சிவப்புக் காருக்குப் போனது. தீர்ப்பாளர்களின் பார்வைக் குறைபாட்டை நான் மன்னித்துவிட்டேன். எங்களுக்கு அன்று தேவைப்பட்டது வேறு.

ஜெரார் வந்தார். வெள்ளை உடுப்பு, கையில் தொப்பி. காரை ஒருமுறை முழுக்கச் சுற்றிவந்தார். செட்டையை உள்ளங்கையால் தடவினார். கண் கலங்கியிருந்தது, உங்களுக்காகத்தான், காருக்காக மட்டுமில்லை. பிறகு அக்காவிடம் வந்து, தான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது, மடாமின் முடிவு என்னவோ அதுதான் என்றார்.

நான் வரலாற்றில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"நோன், மெஸ்யூ," என்றார் அக்கா. பிரெஞ்சு அதோடு முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தமிழில் சொன்னார். "ஓடுற காரை ஆராவது விப்பினமே?"

ஜெராருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் விளங்கிவிட்டது. தொப்பியை நெஞ்சில் வைத்துக் குனிந்து, அக்காவுக்குச் சாரதிக் கதவைத் திறந்துவிட்டார். திரும்பி வரும் வழியில் பாலத்தில் அக்கா ஹோர்ன் அடித்தார். முன்னால் ஒரு வாகனமும் இல்லை. சும்மா அடித்தார்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சத்தம் போட்டேன்.

நீங்கள் போன பிறகு அந்தச் சாரதி ஆசனத்தை ஒருவரும் தொடவில்லை. உங்கள் நீளக் காலுக்கு நீங்கள் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தபடியே இருந்தது. ஓடாத காரில் ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணீரோடு ஏறியிருந்து, எங்கெங்கோ ஓட்டிக்கொண்டிருப்பீர்களே. உங்கள் குதிகால் பட்டு, கால் விரிப்பில் ஒரு சின்னப் பள்ளம்கூட விழுந்திருந்தது. நான் கள்ளமாக ஏறி இருந்த நாட்களில்கூட அந்த ஆசனத்தை அசைத்ததில்லை. அசைக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிறு காலை, நான் மாலை கட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா தனியாக வந்து ஏறி, ஆசனத்தை முன்னுக்கு இழுத்திருக்கிறார். கால் எட்ட வேண்டுமே. இப்போது பள்ளம் ஓர் இடத்தில் இருக்கிறது, அக்காவின் குதிகால் அதற்கு ஒரு சாண் முன்னால் ஊன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்கக்கூட அந்தக் கப்பலில்தான் போகிறார். மீன்காரன் கடையைவிடக் கார் நீளம் என்பதால் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் ஒருநாள் தருவாராம். அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், அத்தான். அதை நான் உங்கள் முன்னால் சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். என் முழங்கால் ஸ்ரீரிங்கில் இடித்தாலும், நாடி நெஞ்சில் முட்டினாலும், சப்பாணிபோலக் குந்திக்கொண்டு ஓட்டினாலும், அந்த ஆசனத்தை நான் ஒரு விரற்கடைகூடப் பின்னுக்குத் தள்ள மாட்டேன். அது இப்போது புவனம் அக்காவின் இடம்.

உங்கள் பெண்சாதியின் ஒரேயொரு தம்பி,
பின் ஆசனத்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து வந்த மச்சான்,
நேசன்